வெளிநாட்டில் சீன லாந்தர் திருவிழா: இடம் அளப்பதிலிருந்து கழற்றி ஏற்றுவது வரை

சீன லாந்தர் என்றதும் பலருக்குச் சிவப்புக் காகித உருண்டைதான் நினைவுக்கு வரும். இங்கே பேசுவது அதையல்ல. இரும்புக் கம்பியில் உருவம் வளைத்து, உள்ளே எல்இடி கட்டி, மேலே சாட்டின் துணி ஒட்டி, வண்ணம் ஊதிய ஒளிச்சிலைகளைப் பற்றி. ஆள் உயரத்தில் தொடங்கி மூன்று மாடி உயரம் வரை போகும். இவற்றில் பெரும்பகுதி சிச்சுவான் மாகாணத்து ஜிகோங் நகரப் பட்டறைகளிலிருந்து வருகிறது.

வழிகாட்டி முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம்: பிரிட்டனில் ஒரு பூங்கா, 1.2 கி.மீ. நடைபாதை, 25 லாந்தர் தொகுதிகள், நவம்பர் 15 அன்று திறந்து ஜனவரி முதல் வாரத்தில் மூடுவது. வேறு நாட்டில் மாறக்கூடியதை அங்கங்கே குறித்திருக்கிறோம்.

புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் படம் வரைவதில் தொடங்குகிறார்கள். டிராகன் எத்தனை மீட்டர், பாண்டா எத்தனை என்று முடிவான பிறகுதான் தரை எப்படி, லாரி உள்ளே வருமா, மின்சாரம் எங்கே என்று கேட்கிறார்கள். அதற்குள் பாதி விஷயம் மாற்ற முடியாததாகிவிடும். கீழே உள்ள வரிசை அதனால்தான் தலைகீழாகத் தெரியும்.

## 1. நாள்காட்டியைத் திறப்பு நாளிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள்

நவம்பர் 15 திறப்பு என்றால் அட்டவணை ஏறக்குறைய இப்படி அமையும். ஜனவரி, பிப்ரவரியில் இட அளவீடு. மார்ச் இறுதிக்குள் வடிவமைப்பு உறுதி. ஏப்ரலில் கட்டமைப்புப் பொறியாளரின் கணக்கு. மே முதல் ஜூலை நடுவரை பட்டறை வேலை. ஜூலை மூன்றாம் வாரம் பட்டறையில் ஆய்வு, மாத இறுதியில் கன்டெய்னர் புறப்பாடு. செப்டம்பர் இறுதிக்குள் சரக்கு வந்து சேர்தல். அக்டோபர் முதல் வாரத்திலிருந்து ஐந்து வாரம் நிறுவுதல். கடைசி ஒரு வாரம் சோதனைக்கு மட்டும்.

ஜிகோங்கிலிருந்து துறைமுகம், கடல், பிரிட்டனில் சுங்கம் எல்லாம் சேர்த்து எட்டு வாரம் ஒதுக்குங்கள். 2023 இறுதியிலிருந்து செங்கடலைத் தவிர்த்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றிவரும் கப்பல்களுக்குக் கூடுதலாக ஒன்றரை, இரண்டு வாரம் பிடிக்கிறது. "கப்பல் 35 நாள்" என்று யாராவது சொன்னால் அது துறைமுகத்திலிருந்து துறைமுகம் வரைக்குமான கணக்கு. உங்கள் பூங்கா வாசல் வரைக்குமானது அல்ல.

சீனப் புத்தாண்டை ஒட்டி பட்டறைகள் வாரக்கணக்கில் மூடிக்கிடக்கும். அதற்கு முந்தைய மாதங்களில் அதே கைவினைஞர்கள் சீனாவுக்குள் நடக்கும் திருவிழாக்களுக்கு வேலை செய்துகொண்டிருப்பார்கள். 2027இல் புத்தாண்டு பிப்ரவரி 6. அந்த வாரங்களில் பதில் வராது என்று வைத்துக்கொண்டு, இட அளவீட்டை அப்போது முடித்துவிடுங்கள்.

பருவத்தையும் இப்போதே யோசியுங்கள். இருட்டு இல்லாமல் லாந்தர் இல்லை. டிசம்பரில் தெற்கு இங்கிலாந்தில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். குழந்தைகளோடு வருபவர்களுக்கு மிக வசதி. பிலடெல்பியாவின் ஃபிராங்க்ளின் சதுக்கத்தில் கோடையில் நடத்துகிறார்கள். அங்கே இரவு நேரம் குறைவு, ஆனால் குளிர்காலப் புயலும் பனியும் இல்லை. நீங்கள் எதைத் தேர்ந்தாலும் பொறியாளரின் கணக்கும் துணித் தேர்வும் அதற்கேற்ப மாறும்.

## 2. இடத்தை அளந்துவிட்டு வடிவமைப்பாளரிடம் பேசுங்கள்

வரைபடம் போதாது. பூங்காவில் நடந்து, ஒவ்வொரு லாந்தர் நிற்கக்கூடிய இடத்திலும் ஐந்து விஷயங்களைக் குறிக்க வேண்டும்: தரைச் சரிவு, தரை வகை, மேலே கிளை அல்லது மின்கம்பி இருக்கும் உயரம், அருகிலுள்ள மரத்தின் வேர் பரவும் எல்லை, கிரேன் அல்லது டெலிஹேண்ட்லர் (நீளும் கையுள்ள தூக்குவண்டி) எங்கிருந்து எட்டும்.

லாரி வழியைத் தனியாகப் பாருங்கள். 40 அடி கன்டெய்னரை இழுத்துவரும் வண்டி சுமார் 16.5 மீட்டர் நீளம். பழைய பூங்கா வாசல்களில் அது திரும்பாது. அப்படியானால் கன்டெய்னரை வேறிடத்தில் இறக்கி, சிறிய வண்டியில் மாற்றி ஏற்ற வேண்டும். அதற்கான நாட்களையும் கூலியையும் ஒப்பந்தத்திற்கு முன்பே கணக்கில் சேர்க்க வேண்டும்.

மண்ணுக்கு அடியில் என்ன போகிறது என்ற வரைபடத்தைப் பூங்கா நிர்வாகத்திடம் கேட்டு வாங்குங்கள். அது கையில் இல்லாமல் ஒரு முளைகூட அடிக்கக் கூடாது. தாவரவியல் பூங்காவானால் வேர்ப்பகுதியில் முளையே அடிக்க விடமாட்டார்கள். பாரம் வைத்துத்தான் நிறுத்த வேண்டும். வௌவால் தங்கும் மரங்கள், நீர்ப்பறவைகள் உள்ள குளம் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒளி விழக் கூடாத இடங்கள் பின்னால் தெரியவந்தால் ஒரு தொகுதியை அப்படியே இடம் மாற்ற வேண்டியிருக்கும்.

## 3. பாதையும் கூட்டமும்

பாதை ஒருவழி. உள்ளே வருபவரும் வெளியே போவோரும் எதிரெதிரே வந்தால், படம் எடுக்க நிற்பவர்களால் நெரிசல் உண்டாகும்.

1.2 கி.மீ. பாதை, 3 மீட்டர் அகலம் என்றால் 3,600 சதுர மீட்டர். நின்று பார்க்கும் கூட்டத்திற்கு ஒருவருக்கு 3 சதுர மீட்டர் வைத்தால் ஒரே நேரத்தில் 1,200 பேர். சுற்றிவர 75 நிமிடம் ஆகும் என்றால் மணிக்கு 960 பேர். டிக்கெட்டை 15 நிமிட இடைவெளியில் 240 பேர் என்று பிரித்து விற்றால் கணக்கு சரியாக வரும். விற்பனைப் பிரிவு இந்த எண்ணைக் கூட்டச் சொல்லும். பாதையின் அகலம் கூடினால் மட்டுமே எண் கூடும் என்று எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மிகப் பெரிய லாந்தரை வாசலில் வைக்காதீர்கள். எல்லோரும் அங்கேயே நின்றுவிடுவார்கள், பின்னால் வரிசை அடைக்கும். பாதையின் மூன்றில் ஒரு பங்கு தாண்டி, அகலமான புல்வெளியிலோ குளக்கரையிலோ வையுங்கள்.

## 4. வடிவமைப்பு: கன்டெய்னர் கதவுதான் முதல் அளவுகோல்

40 அடி ஹைகியூப் (உயரம் கூடிய வகை) கன்டெய்னரின் கதவு சுமார் 2.34 மீட்டர் அகலம், 2.58 மீட்டர் உயரம். உள்நீளம் 12 மீட்டர். தள்ளி ஏற்ற இடம் விட்டால், எந்தத் துண்டும் 2.2 × 2.45 × 11.7 மீட்டருக்குள் அடங்க வேண்டும். லாந்தர் எடையில்லாத பொருள், ஆனால் இடத்தை விழுங்கும். 76 கன மீட்டரும் நிரம்பிய பிறகும் கன்டெய்னர் தாங்கும் எடையில் சிறுபகுதிகூட எட்டியிருக்காது. நீங்கள் கட்டணம் கொடுப்பது காற்றுக்குத்தான்.

அதனால் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும்படி வெட்டச் சொல்லுங்கள். தாமரை இதழ்களை அடுக்கலாம். டிராகனின் உடல் வளையங்களைப் பெரியதற்குள் சிறியதாகச் செருகலாம். பாண்டாவின் வயிற்றுக்குள் மூங்கில் தண்டுகளை வைக்கலாம்.

வெட்டும் கோடு முகத்தின் நடுவே போகக் கூடாது. கழுத்து மடிப்பு, செதில் வரிசை, ஆடையின் ஓரம் என்று கண்ணுக்கு ஏற்கெனவே கோடு தெரியும் இடத்தில் வெட்டினால் இணைப்புத் தெரியாது. இணைப்பில் 15 முதல் 20 செ.மீ. துணி மடிப்பை ஒட்டாமல் விடச் சொல்லுங்கள். தளத்தில் போல்ட் முடுக்கிய பின் அதை இழுத்து ஒட்டலாம். இந்த மடிப்பு விடாமல் வந்த துண்டுகளில் ஒட்டு போட்ட துணி பகலிலேயே பளிச்சென்று தெரியும்.

தூக்கும் கொக்கிகளும் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். கொக்கி இல்லாத துண்டை பெல்ட் சுற்றித் தூக்கினால் கம்பி நசுங்கும், துணி கிழியும்.

வடிவங்களைப் பற்றி ஒரு சில வார்த்தைகள். ராசி விலங்கு நடக்கும் ஆண்டுக்கு உரியதா என்று பாருங்கள்: 2026 பிப்ரவரி 17இல் தொடங்கியது குதிரை ஆண்டு, அடுத்தது ஆடு. சீன எழுத்துகளை எளிய வடிவில் எழுதுவதா, பழைய வடிவில் எழுதுவதா என்று ஒன்றை முடிவு செய்து எல்லா இடத்திலும் அதையே பின்பற்றுங்கள். இருபுறமும் நின்று பார்க்கும் லாந்தரில் ஒரு பக்கம் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பிவிடும். அதற்கு இரண்டு தனித்தனித் துணிகள் வேண்டும். வெள்ளையும் கறுப்பும் மட்டுமான அலங்காரம் சீன வழக்கில் துக்கத்தை நினைவூட்டும். பாண்டாவுக்கு மட்டும் எப்போதும் விலக்கு உண்டு.

பீங்கான் தட்டுகள், நிறநீர் நிரப்பிய சிறு கண்ணாடிப் புட்டிகள் கொண்டு உருவங்கள் கட்டுவது ஜிகோங்கின் தனித் திறமை. தட்டுகளைக் கட்டிய நிலையில் அனுப்பாதீர்கள். சட்டத்தையும் தட்டுகளையும் தனித்தனியாக அனுப்பித் தளத்தில் நூலால் கட்டுங்கள். குளிர்நாட்டில் புட்டிகளில் வெறும் நீர் நிரப்பினால் உறைந்து வெடிக்கும்.

## 5. பட்டறையில் செய்வதா, தளத்தில் செய்வதா

இரண்டும் கலந்துதான் நடக்கும். முகம், கை, பறவை, பூ போன்ற நுட்பமான துண்டுகள் பட்டறையில். நீண்ட சுவர், வளைவு வாயில், கோபுரம் போன்று உள்ளே வெறுமையாக இருப்பவை தளத்தில். முன்னதற்கு நல்ல வெளிச்சமும் நிதானமும் வேண்டும். பின்னதைக் கப்பலில் ஏற்றினால் காற்றுக்குத்தான் காசு.

தளத்தில் செய்வதென்றால் கூரையுள்ள இடம் கட்டாயம். குறைந்தது 6 × 12 மீட்டர் கூடாரம், ஹீட்டர், கெட்டியான தரை. ஈரத்துணியில் பசை பிடிக்காது. வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போனால் துப்பாக்கியிலிருந்து வரும் சூட்டுப்பசை துணியில் ஊறுவதற்கு முன்பே கெட்டியாகிவிடும். அன்றைக்கு ஒட்டியதுபோல் இருக்கும், மூன்றாம் நாள் காற்றில் உரியும்.

## 6. காற்று: இந்த வேலையின் கடினமான பகுதி

ஒளிரும் லாந்தர் பார்வைக்குப் பஞ்சு மாதிரி. காற்றின் கண்ணுக்கு அது கப்பல் பாய்.

கணக்கை ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள். 6 மீட்டர் உயரம், 3 மீட்டர் அகலம் உள்ள லாந்தரின் முகப்பு 18 சதுர மீட்டர். காற்றழுத்தம், சதுர மீட்டருக்கு நியூட்டன் கணக்கில், 0.613 × வேகத்தின் வர்க்கம். நொடிக்கு 28 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு சுமார் 100 கி.மீ. வேகத்தில், அது 480 நியூட்டன். வடிவக் குணகம் 1.3 என்று வைத்தால் மொத்த விசை சுமார் 11.2 கிலோநியூட்டன். அது 3 மீட்டர் உயரத்தில் தள்ளுகிறது என்றால் கவிழ்க்கும் திருப்புவிசை 33.7 கிலோநியூட்டன் மீட்டர்.

அடித்தளம் 2.4 மீட்டர் அகலம் என்றால், கவிழாமலிருக்க 28 கிலோநியூட்டன், அதாவது சுமார் 2.9 டன் வேண்டும். 1.2 பாதுகாப்புக் காரணி சேர்த்தால் 3.4 டன். லாந்தரின் சொந்த எடை 400 கிலோவைக் கழித்தால் சுமார் 3 டன் எடைக்குக் கான்கிரீட் கட்டைகள். ஈரப்புல்லில் வழுக்கும் விசையையும் தனியாகப் பார்க்க வேண்டும், உராய்வு 0.4 என்று எடுத்தாலும் கிட்டத்தட்ட அதே எடைதான் வரும், அதைவிடக் குறைவாக எடுத்தால் வழுக்குதலே முடிவு செய்யும்.

இது தோராயக் கணக்கு மட்டும். கையெழுத்துப் போட உள்ளூர்க் கட்டமைப்புப் பொறியாளர் வேண்டும். சீனப் பட்டறை தரும் கணக்கை உள்ளூர் அதிகாரிகள் அப்படியே ஏற்பதில்லை. வரைபடத்தில் எஃகின் தரம், குழாய்ச் சுவரின் தடிமன், வெல்டின் அளவு இல்லாவிட்டால் பொறியாளர் கணக்கே போட முடியாது. மார்ச்சில் கேட்க வேண்டிய தகவல் இது. அக்டோபரில் கேட்டால் பட்டறையில் யாருக்கும் நினைவிருக்காது.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறுகள் மூன்று. முதலாவது, பாரத்தை அடித்தளத்தின் நடுவில் குவிப்பது. அழகாக மறையும், ஆனால் காற்று எந்தப் பக்கமிருந்தும் வரும். நான்கு மூலைகளிலும் இருப்பதுதான் சட்டத்தை வளைக்காமல் பிடிக்கும். இரண்டாவது, பாரத்தைச் சட்டத்தோடு இணைக்காமல் மேலே தூக்கி வைப்பது. சட்டம் நிமிரும்போது கட்டை சரிந்துவிடும். மூன்றாவது, நீர்த்தொட்டியைப் பாரமாக வைத்துவிட்டு நீர் கசிகிறதா என்று பார்க்காமல் விடுவது.

கூடாரத்தைப் போல லாந்தரைக் காற்று வருவதற்கு முன் இறக்கி வைக்க முடியாது. எனவே "காற்று அடித்தால் கழற்றிவிடுவோம்" என்று சொல்லிக் குறைந்த வேகத்திற்குக் கணக்குப் போடுவது தாளில் மட்டும் செல்லும். புயலில் நாம் அகற்ற முடிவது மனிதர்களை மட்டும்தான். லாந்தர் நின்றாக வேண்டும்.

## 7. மின்சாரம்

மொத்தத் தேவையை முதலில் எழுதுங்கள். 25 தொகுதிகள், சராசரி 2 கிலோவாட் என்றால் 50 கிலோவாட். 400 வோல்ட் மூன்று கட்ட இணைப்பில் கட்டத்திற்கு 72 ஆம்பியர். 125 ஆம்பியர் இணைப்பு தாராளம். ஆனால் பத்து உணவுக் கடைகள் ஆளுக்கு 8 கிலோவாட் வறுக்கும் அடுப்பு வைத்தால் 80 கிலோவாட்! எல்லா லாந்தரும் சேர்ந்து இழுப்பதைவிட அதிகம். கடைகளுக்குத் தனி இணைப்பு கொடுங்கள். இல்லையென்றால் உருளைக்கிழங்கு வறுபடும்போது டிராகன் அணையும்.

நம் ஊர்த் திருவிழாக்களில் சீரியல் செட் கட்டுவது போன்ற 230 வோல்ட் மாலைகளை ஆள் கைபடும் உயரத்தில் விடாதீர்கள். தொடக்கூடிய இடமெல்லாம் 24 வோல்ட். அதன் விலை மின்னழுத்த இழப்பு. 10 மீட்டர் தொலைவு, 1.5 ச.மி.மீ. கம்பி, 10 ஆம்பியர் என்றால் போகவரச் சேர்த்து 2.3 வோல்ட் இழப்பு, அதாவது ஏறக்குறைய பத்து சதவீதம். வால் மங்கித் தலை பிரகாசிக்கும் டிராகன்களுக்குக் காரணம் இதுதான். 230 வோல்ட்டை 24 ஆகக் குறைக்கும் மின்வழங்கிப் பெட்டியை விளக்கிலிருந்து 5 மீட்டருக்குள் வையுங்கள்.

ஒவ்வொரு தொகுதிக்கும் தனி 30 மில்லிஆம்பியர் ஆர்சிடி (மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் சாதனம்). ஒன்றில் கசிவு வந்தால் அது மட்டும் அணையும். ஆனால் ஒவ்வொரு மின்வழங்கியும் இயல்பாகவே கொஞ்சம் கசியும். ஒன்றுக்கு 0.5 மில்லிஆம்பியர் என்றால், ஆர்சிடியின் 30 சதவீதமான 9 மில்லிஆம்பியருக்குள் நிற்க 18 மின்வழங்கிகள்தான் ஒரு ஆர்சிடியில் இருக்கலாம். 30 மாட்டிவிட்டு மழை நாளில் ஏன் டிரிப் ஆகிறது என்று தேடுவது வழக்கமான காட்சி.

எல்லாவற்றையும் ஒரே நொடியில் போட்டால் தொடக்க மின்னோட்டம் எம்சிபியை (மின்னோட்டம் மிகுந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) தள்ளிவிடும். டைமரில் தொகுதிக்குத் தொகுதி சில நொடி இடைவெளி விடுங்கள். பி வகைக்குப் பதில், தொடக்க மின்னோட்டத்தை அதிகம் பொறுக்கும் சி வகை எம்சிபி பொருந்துமா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்.

இணைப்புகளில் இன்சுலேஷன் டேப் சுற்றி விடுவதுதான் பெரும்பாலான பழுதுகளின் தொடக்கம். ஜெல் நிரப்பிய இணைப்பான் அல்லது நீர்புகா பிளக் மட்டும். பெட்டிகள் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில், கம்பி கீழ்ப்புறமிருந்து நுழையும்படி இருக்கட்டும். கம்பி நுழையுமுன் ஒரு வளைவு தொங்கினால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

பிரிட்டனில் நிகழ்ச்சிகளின் தற்காலிக மின்னமைப்புக்கு பிஎஸ் 7909 என்ற பிரிட்டிஷ் தரம் பின்பற்றப்படுகிறது. சான்றளிக்கத் தகுதியுள்ள உள்ளூர் எலக்ட்ரீஷியன் வேண்டும். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், தரைக்கசிவு காப்பும் வேறு அளவு. ஒரே லாந்தரை இரு நாட்டிலும் காட்டுவதாக இருந்தால் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் மின்வழங்கிகளை முதலிலேயே கேளுங்கள்.

## 8. விளக்கும் துணியும்

எல்இடியைத் துணியிலிருந்து 10 முதல் 15 செ.மீ. தள்ளிக் கட்டுங்கள். நெருங்கினால் புள்ளி புள்ளியாகத் தெரியும். உள்சட்டத்துக்கு வெள்ளை பெயின்ட் அடித்தால் நிழல் மங்கும்.

பட்டறையில் பகல் வெளிச்சத்தில் துணியின் நிறத்தைப் பார்த்து ஒப்புதல் தராதீர்கள். நீலத்துணி ஒளியை விழுங்கும். மஞ்சளுக்கு வைப்பதைவிட அதிக விளக்கு வேண்டும். பச்சைக்குப் பின்னால் வெதுவெதுப்பான வெள்ளை வைத்தால் வாடிய இலைபோல் ஆகும்.

தீத்தடுப்பில் சான்றிதழ் எந்த நாட்டுத் தரம் என்பது முக்கியம். சீனாவின் ஜிபி 8624 பி1 சான்றை மட்டும் காட்டினால் பிரிட்டனில் பிஎஸ் 5867 அல்லது ஐரோப்பிய இஎன் 13501 கேட்பார்கள். அமெரிக்காவில் என்எஃப்பிஏ 701. மேல்பூச்சாகத் தெளித்த தீத்தடுப்பு உப்பு மழையில் கரைந்து போகும். இழையிலேயே தீத்தடுப்பு உள்ள துணி வாங்குங்கள். சான்று எந்தச் சுருளுக்கு உரியது என்பதையும் பாருங்கள். ஒவ்வொரு நிறத்திலும் 30 செ.மீ. துண்டு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் தேங்கும் ஒவ்வொரு குழிவிலும், தவளையின் முதுகு, படகின் உள்புறம், விரிந்த இதழ் என்று எதுவானாலும், அடிமட்டத்தில் சூடான கம்பியால் 6 மி.மீ. துளை போடச் சொல்லுங்கள். சூட்டில் துளைத்தால் ஓரத்து இழைகள் உருகி இறுகும், நூல் பிரியாது. ஒரு சதுர மீட்டரில் 10 செ.மீ. நீர் நின்றால் 100 கிலோ.

## 9. பட்டறையில் ஆய்வு

பெட்டியில் அடைப்பதற்கு முன் ஒருவர் நேரில் போக வேண்டும். காணொளி அழைப்பில் வெல்டு தெரியாது. பெரிய தொகுதிகள் முழுவதையும் ஒருமுறை பொருத்தச் சொல்லுங்கள். துளைகள் ஒத்துவருகின்றனவா என்பது அப்போதுதான் தெரியும். இருட்டிய பின் எரியவிட்டுப் பாருங்கள்.

ஒவ்வொரு துண்டிலும் உலோகத் தகடு, அதில் எண். காகித லேபிள் கடல் ஈரத்தில் உரிந்துவிடும். 400 துண்டுகளில் எது மீனின் இடது துடுப்பு என்று சேற்றில் நின்று தேடும் வேலை வேண்டாம்.

## 10. கப்பல், சுங்கம், ஆட்கள்

திரும்பக் கொண்டுபோவதானால் தற்காலிக இறக்குமதி அல்லது ஏடிஏ கார்னெட் (வரி கட்டாமல் கொண்டுவந்து திரும்ப எடுத்துப்போக உதவும் சுங்க ஆவணம்). இங்கேயே அழிப்பதானால் முழு இறக்குமதி வரியோடு. இதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். கார்னெட்டில் வந்த பொருளை இங்கே குப்பையில் போட்டால் வரி கேட்டுக் கடிதம் வரும். பசை, பெயின்ட், துணிச்சுருள் போன்ற செலவாகும் பொருட்கள் கார்னெட்டில் வராது, தனிப்பட்டியல் போடுங்கள். மரப்பெட்டிகளில் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை (மரத்தில் பூச்சி நீக்கியதற்கான சர்வதேச அடையாளம்) இருக்க வேண்டும், இல்லையென்றால் துறைமுகத்தில் நிற்கும்.

கன்டெய்னரை ஏற்றும் வரிசையையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். முதலில் நிறுவ வேண்டியது கதவருகே. பட்டறைக்காரர் பெரியதை முதலில் ஏற்றுவார்; அது கடைசியாகத்தான் வெளியே வரும்.

விசாவுக்கு ஒவ்வொரு கைவினைஞரும் என்ன செய்யப் போகிறார் என்று எழுதிக் குடிவரவு வழக்கறிஞரிடம் கொடுங்கள். வந்த பொருளைப் பொருத்துவதும் தளத்தில் புதிதாகச் செய்வதும் சட்டத்தின் முன் ஒன்றல்ல. கம்பி வளைப்பவர், வெல்டர், எலக்ட்ரீஷியன், துணி ஒட்டுபவர், வண்ணம் ஊதுபவர் என்று தனித்தனி ஆட்கள். ஒருவருக்கு விசா கிடைக்காவிட்டால் இன்னொருவர் ஈடுகட்ட முடியாது. மாற்று ஆள் பெயரோடு விண்ணப்பியுங்கள்.

தங்குமிடத்தில் சமையலறை இருக்க வேண்டும். ஐந்து வாரம் குளிரில் வேலை செய்பவர்களுக்கு சாண்ட்விச் மட்டும் கொடுத்தால் வேலை ஓடாது. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் முழுநேரமும் தளத்தில் வேண்டும். பாதுகாப்பு விளக்கத்தைக் கைச்சைகையில் சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்குவது விபத்து நடந்தால் செல்லாது.

## 11. நிறுவும் வரிசை

1. கனரக வண்டி போகும் வழியெல்லாம் தரைப்பாய் விரியுங்கள். முதல் மழைக்குப் பின் விரிப்பதால் பயனில்லை.
2. ஒவ்வொரு அடித்தளத்தின் மூலைகளையும் பெயின்டால் தரையில் குறியுங்கள். பூங்காப் பொறுப்பாளரோடு நடந்து ஒப்புதல் வாங்குங்கள்.
3. முக்கிய மின்கம்பிகளைப் போடுங்கள். லாந்தர் நின்ற பிறகு கம்பி இழுக்க வழி இருக்காது.
4. வாசலிலிருந்து மிகத் தொலைவான மூலையில் தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள். முடித்த லாந்தரை உரசிக்கொண்டு டெலிஹேண்ட்லர் போகக் கூடாது. குளத்தில் மிதப்பவை எல்லாவற்றுக்கும் முன்னால்.
5. அடித்தளத்தைச் சமப்படுத்தி, பாரத்தை வைத்து, இணைத்த பிறகே மேல்துண்டைத் தூக்குங்கள். "மதியம் வைத்துக்கொள்ளலாம்" என்று விட்ட லாந்தர் மதியத்துக்குள் சாயலாம்.
6. ஒவ்வொரு துண்டையும் தரையில் இருக்கும்போதே எரியவிட்டுப் பாருங்கள். 5 மீட்டர் உயரத்தில் ஒரு விளக்கை மாற்ற மேடைவண்டியும் அரை நாளும் வேண்டும்.
7. போல்ட், பிறகு மின் இணைப்பு, மீண்டும் விளக்குச் சோதனை, அதன் பிறகுதான் துணி மடிப்பை ஒட்டுவது. மடிப்பை முதலில் ஒட்டிவிட்டால் பழுது பார்க்க அதைக் கிழிக்க வேண்டும்.
8. வண்ணத் திருத்தம் கடைசியில். மழையில்லாத இரண்டு மணி நேரம் போதும்.
9. தடுப்பு வேலி, லாந்தரிலிருந்து 1.5 மீட்டர் தள்ளி. குழந்தைகள் துணியை விரலால் குத்திப் பார்ப்பார்கள்.

வெல்டிங் உண்டென்றால் தீவேலை அனுமதிச் சீட்டு, தீயணைப்பான், வேலை முடிந்து ஒரு மணி நேரம் காவல். ஒட்டிய துணிக்கு அருகே வெல்டு வைப்பதைத் தவிருங்கள். பொறி துணிக்குள் போய்ப் பின்னர்தான் புகையும்.

## 12. திறப்புக்கு முந்தைய வாரம்

மூன்று இரவுகள் முழு நேரமும் எரியவிடுங்கள். மழை வராவிட்டால் குழாய்நீர் பீய்ச்சிப் பாருங்கள். திறந்த பிறகு மழையிடம் கற்பதைவிட இது மலிவு.

குழந்தையின் கண் உயரமான 1.2 மீட்டரில் நின்று பாதை முழுதும் பாருங்கள். இருண்ட திட்டுகளும் கண்ணில் குத்தும் விளக்குகளும் அப்போது தெரியும். பூங்காவின் பழைய தெருவிளக்குகளை அணைக்கவோ மறைக்கவோ அனுமதி வாங்குங்கள். அதே சமயம் வெளியேறும் பாதையின் நடுக்கோட்டில் குறைந்தது 1 லக்ஸ் (ஒளியளவின் அலகு) அவசர ஒளி இருக்க வேண்டும். அது மின்சாரம் போனாலும் எரிய வேண்டும்.

## 13. ஓடும் நாட்கள்

நான்கு கைவினைஞர்களாவது கடைசி நாள் வரை தங்க வேண்டும்: இருவர் மின்வேலைக்கு, இருவர் துணிக்கும் வண்ணத்துக்கும். உதிரியாக ஐந்து சதவீத எல்இடி, பத்து சதவீத மின்வழங்கி, ஒவ்வொரு நிறத்திலும் அதே சுருளிலிருந்து பத்து மீட்டர் துணி. வேறு சுருளின் சிவப்பு பகலில் ஒன்றுபோலவும் இரவில் ஒட்டுப் போட்டதுபோலவும் இருக்கும்.

திறப்புக்கு ஒரு மணி நேரம் முன் நடந்து பார்த்து, பாரக்கட்டைகளின் இணைப்பு, வேலி, ஆர்சிடி பட்டன் சோதனை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். காற்றளவியை மிக உயர்ந்த லாந்தரின் உச்சி உயரத்தில் வையுங்கள். கார் நிறுத்துமிடத்தில் கையில் பிடித்து அளந்த எண்ணுக்கு மதிப்பில்லை. எந்த வேகத்தில் பாதையை மூடுவது, எந்த வேகத்தில் எல்லோரையும் வெளியேற்றுவது என்ற இரு எண்களையும் பொறியாளர் எழுதித் தர வேண்டும். முடிவெடுக்கும் ஆள் ஒருவர்தான். டிக்கெட் வருமானத்துக்குப் பொறுப்பானவர் அவராக இருக்கக் கூடாது.

ஈரப்பனி விழுந்தால் நீண்ட மென்துடைப்பத்தால் கீழிருந்து மேலாகத் தட்டிவிடுங்கள். மேலிருந்து இழுத்தால் பனிக்கட்டியோடு துணியும் வரும்.

## 14. கழற்றுதல்

நிறுவிய நாட்களில் பாதி போதும் என்று நினைக்க வேண்டாம். ஜனவரியில் பகல் எட்டு மணி நேரம்தான், தரை சேறு. மறுபடி பயன்படுத்தப் போகிற துண்டுகளை முதலில் எடுத்து, கூடாரத்தில் உலர்த்தி, பிறகு கன்டெய்னரில் ஏற்றுங்கள். ஈரத்தோடு அடைத்தால் எட்டு வாரத்தில் பூஞ்சணம் பிடித்து வந்து சேரும்.

அழிக்கப் போகிறவற்றில் துணியையும் எல்இடியையும் உரித்த பிறகே இரும்புக்கடைக்கு அனுப்புங்கள். துணி ஒட்டிய கம்பியைப் பழைய இரும்பாக எடுக்க மாட்டார்கள். எல்இடியும் மின்வழங்கியும் மின்னணுக் கழிவாகத் தனியே போக வேண்டும்.

மின்சாரத்தைத் துண்டித்து, மேல்துண்டுகள் எல்லாம் தரைக்கு வந்த பிறகுதான் பாரக்கட்டைகளில் கைவைக்க வேண்டும். கிரேன் முதலில் காலியாகிறது என்று கட்டைகளை முன்கூட்டியே எடுத்துவிடுவது கடைசி நாளின் வழக்கமான தவறு. அப்போது லாந்தர் நிற்பது காற்றின் தயவில். தரைப்பாயைச் சுருட்டியதும் பூங்காப் பொறுப்பாளரோடு மறுபடி நடந்து, இட அளவீட்டின்போது எடுத்த படங்களோடு ஒப்பிட்டு, புல் திருத்த வேண்டிய இடங்களை அன்றே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.